130 போட்டால் 20தான் வருகிறது: வயர்லெஸ் கேள்வி-பதில்

கேள்வி: 6 கிலோமீட்டர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டு. 802.11என் (வைஃபையின் ஒரு தரம்), இரண்டு செயின் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறும் தனித்தனிப் பாதைகள்), 20 மெகாஹெர்ட்ஸ் சேனல். சிக்னல் -68, இரைச்சல் -94 (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). ரேடியோவே ரேட்டை (அனுப்பும் வேகம்) தேர்ந்தெடுக்கும் ஆட்டோவில் அது 78க்கும் 104க்கும் நடுவே ஆடுகிறதே என்று இரு முனையிலும் எம்சிஎஸ் (வேகப் படியின் எண்) 15, அதாவது 130 எம்பிபிஎஸ் என்று பூட்டினேன். பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பாக்கெட்) விட்டு விட்டு வருகிறது, வேகம் 20ஐத் தாண்டவில்லை. ரேடியோ பழுதா?

பதில்: பழுதில்லை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 26 டெசிபல். எம்சிஎஸ் 15க்கே ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். கையிருப்பு எதுவும் மிஞ்சவில்லை. போதாக்குறைக்கு, உயர்ந்த ரேட்டில் அலை சிதையாமலிருக்க ரேடியோ தானே பவரைச் சில டெசிபல் குறைத்துக்கொள்ளும். ஆக 130ல் உங்களுக்கு அந்த 26ம் கிடைத்திருக்காது. பாக்கெட் உடைகிறது, மறுபடி போகிறது, அதுவும் உடைகிறது. ரேட்டைப் பூட்டிவிட்டதால் கீழே இறங்கவும் வழியில்லை.

ஆட்டோவுக்கே திரும்பி, உச்ச வரம்பை மட்டும் எம்சிஎஸ் 13ல் (104) வையுங்கள். அப்போதும் ஆடினால் 12 (78). ஆடாத 78, ஆடுகிற 104ஐவிட மேல்.

இங்கே போடும் ரேட் இங்கிருந்து அனுப்புவதற்கு மட்டுமே. எதிர்முனையில் தகுதிக்கு மீறிப் போட்டுவிட்டால் அங்கிருந்து பதில் வராது. டவர் ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கும் 'டெஸ்ட்' பட்டன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

130தான் வேண்டுமென்றால் டிஷ்ஷைத் திருப்புங்கள். இரண்டு செயின்களின் சிக்னலையும் தனித்தனியே பாருங்கள். 4 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனெக்டரில் தண்ணீர், அல்லது டிஷ் சாய்ந்திருக்கிறது. சிக்னல் நன்றாயிருந்தும் இதே தொல்லை என்றால் தூர அமைப்பை (பதிலுக்கு ரேடியோ காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்வது) சோதியுங்கள். 6 கிலோமீட்டர் போய்த் திரும்ப 40 மைக்ரோ செகண்ட். ரேடியோ அதற்குள் பொறுமை இழந்தால் வந்து சேர்ந்த பாக்கெட்டையே மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சேனலை 40 ஆக்கினால் வேகம் இரட்டிக்குமா?

பதில்: இரட்டிக்காது, ஆனால் கூடும். அகலம் இரு மடங்கானால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். உங்கள் 26, 23 ஆகும். அதில் எம்சிஎஸ் 12 நிம்மதியாக ஓடும். 40 மெகாஹெர்ட்ஸில் அது 162. பக்கத்து ரேடியோக்கள் அந்த அலைவரிசையில் இல்லாதவரைதான் இந்தக் கணக்கு. ஸ்கேன் செய்யாமல் மாற்றாதீர்கள். திரையில் தெரியும் ரேட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும், அதுவும் இரு திசைக்கும் சேர்த்து.

கேள்வி: ஒரு செக்டாரில் (டவரின் ஒரே ஆன்டெனாவைப் பகிரும் வாடிக்கையாளர்கள்) எல்லோரும் 104ல் இருக்க, ஒருவர் மட்டும் 13ல். அவருக்கு 5 எம்பிபிஎஸ் பிளான்தான். அவரால் மற்றவர்களுக்குப் பாதிப்பு உண்டா?

பதில்: நிறைய. 13ல் 5 எம்பிபிஎஸ் அனுப்ப, செக்டாரின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதே 5ஐ 104ல் அனுப்பினால் இருபதில் ஒரு பங்கு. பிளானைக் குறைத்துப் பயனில்லை, அவர் ஆன்டெனாவை மாற்றுங்கள்.