ஒரே புல்வெளியில் சில இடங்களில் மட்டும் வெட்டுக்கிளிகள் நிறைந்திருப்பது ஏன்?

இடுப்பளவு பசுமையாக வளர்ந்த பகுதியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, மண் தெரியும் குட்டைப் புல்லில் கால் வைத்தால் பத்துப் பதினைந்து தெறித்து ஓடுகின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகப் புல்வெளிகளில் நடந்து வெட்டுக்கிளிகளை எண்ணி வருகிறேன். என் பதில்: முதலில் மண்ணைப் பாருங்கள், புல்லைப் பிறகு பார்க்கலாம்.

ஒருமுறை உள்ளங்கை அகல வெற்று மண்ணில் ஒரு பெண் வெட்டுக்கிளி அசையாமல் நின்றது. அருகில் குனிந்து பார்த்தேன். வயிற்றின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்தது. வயிற்று நுனியிலுள்ள கெட்டியான முட்களால் மண்ணை விலக்கி விலக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வளையங்களுக்கு இடையிலுள்ள சவ்வு விரிவதால் வயிறு இரண்டு மூன்று மடங்கு நீளும். ஆழத்தில் முட்டைகளை அடுக்கி, நுரையைச் சுரந்து மூடிவிட்டு, பின்னங்காலால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு நகர்ந்தது. அந்த நுரை காய்ந்து முட்டைகளுக்கு உறையாகிவிடும். அந்த முட்டைகள் பொரிய மண்ணில் சூடு ஏற வேண்டும். அடர்ந்த புல்லுக்கு அடியில் வெயில் இறங்காது. மண் குளிர்ந்தே கிடக்கும். குட்டைப் புல் பக்கம் கூட்டம் சேர்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டால் கூட்டம் பெருகும் என்று நினைக்க வேண்டாம். பொரிந்த குஞ்சுகளுக்கு இரையும் மறைவிடமும் வேண்டும். வெற்று மண், குட்டைப் புல், உயரமான புல் மூன்றும் சில அடிகளுக்குள் கலந்து கிடக்கும் இடத்தில்தான் நான் அதிக வகைகளைப் பார்த்திருக்கிறேன். மிதமான மேய்ச்சல் இப்படிப்பட்ட கலவையை உண்டாக்கும்.

வகைக்கு வகை விருப்பமும் மாறும். மண் நிறத்தில் தரையோடு ஒட்டி உட்காரும் சில இனங்கள், பறக்கும்போது மட்டும் பின்சிறகின் நீலத்தையோ சிவப்பையோ காட்டி, இறங்கியதும் மறைந்துவிடும்; அவற்றுக்கு வெற்றுத் தரை வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவே உள்ள குள்ள வெட்டுக்கிளிகள் ஈரமான ஓரங்களில் பாசியைத் தின்று வாழும். இவற்றுக்கு உறவான பிள்ளைப்பூச்சி ஈரமண்ணைக் குடைந்து உள்ளேயே இருந்துவிடும்.

புல் அதிகமானால் வெட்டுக்கிளியும் அதிகமாகும் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள கோன்சா புல்வெளியைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 30 ஆண்டுகளில் அங்கே புல்லின் நிறை இரட்டிப்பானது. ஆனால் அதிலிருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் செறிவு குறைந்துபோனது. 20 ஆண்டுகளில் வெட்டுக்கிளிகள் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. வயிறு நிறைந்தும் சத்து கிடைக்காத நிலை அது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தந்த செய்தி. சீனாவின் உள் மங்கோலியாவில் நிலைமை வேறு. அங்கே அளவுக்கு மீறிய மேய்ச்சலால் புல்லில் நைட்ரஜன் குறைய, அந்தப் புல்லிலேயே நன்றாக வளரும் ஓர் இனம் பெருகுவதை 2012இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே ‘வெட்டுக்கிளி’ என்று மொத்தமாகப் பேசினால் கணக்கு தப்பிவிடும். எந்த இனம் என்று கேட்டாக வேண்டும்.

இனி, இடுப்பளவு புல் வளர்ந்த உங்கள் வெறிச்சோடிய மூலை. அது உண்மையில் காலியா என்று இரவில் ஒருமுறை டார்ச்சுடன் போய்ப் பாருங்கள். உடலைவிட நீளமான உணர்கொம்பு கொண்ட பச்சை நிற இனங்கள் பகலில் தண்டோடு தண்டாக ஒட்டிக் கிடக்கும். இருட்டியதும் பாடத் தொடங்கும். அவற்றின் காதுகள் முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. பல இனங்களின் பெண்பூச்சிகள் வாள் போன்ற உறுப்பால் செடித் தண்டைக் கீறி உள்ளே முட்டையிடும். உயரமான புல்லை ஒரே நாளில் மொத்தமாக வெட்டினால் முட்டைகளும் சேர்ந்தே போய்விடும். அந்தப் பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் வெட்டுங்கள். எண்ணுவதாக இருந்தால் வெயில் ஏறிய பிறகு ஒரு முறையும், இருட்டிய பிறகு காதால் கேட்டு ஒரு முறையும் எண்ணுங்கள்.