கண் திறக்காத ஆமைக்குஞ்சு

கேள்வி: மகனுக்காக வாங்கிய சிவப்புக்காது ஆமைக்குஞ்சுகள் இரண்டும் நாலு மாதமாகக் கண்ணாடித் தொட்டியில் வளர்கின்றன. ஒன்றுக்குக் கண் வீங்கி மூடிவிட்டது, ஐந்து நாளாகச் சாப்பாடும் இல்லை. கடையில் தந்த காய்ந்த இறால்தான் போடுகிறோம். சொட்டு மருந்து விடலாமா? முதுகோடும் மென்மையாகத்தான் இருக்கிறது.
- வாசகி, உப்புவெளி

பதில்: சொட்டு மருந்து வேண்டாம். குறை பெரும்பாலும் சாப்பாட்டில்தான். காய்ந்த இறாலில் விற்றமின் ஏ மிகக் குறைவு. முட்டையிலிருந்து வரும்போது உடலில் இருந்த சேமிப்பு சில மாதங்களில் தீர்ந்ததும் இமை வீங்கும். ஆமை இரையைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும். கண் மூடினால் பட்டினிதான். அழுக்குத் தண்ணீரும் இதே வீக்கத்தைத் தரும் என்பதால், இன்றே தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

ஐந்து நாள் பட்டினி கிடந்த குஞ்சை மிருக வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். விற்றமின் ஊசி எவ்வளவு என்று அவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். கூடினால் தோல் உரிந்துவிடும். மற்றதற்கு ஆமைக்கான குறுணித் தீனி, உயிர் மண்புழு, குடலோடு முழுக் கப்பி மீன், கிழமைக்கொருமுறை கடுகளவு கோழி ஈரல், துருவிய கரட், பொன்னாங்காணி கொடுக்கலாம். ஒரு வேளைக்கு அதன் தலையளவு போதும். தனிப் பேசினில் வைத்து ஊட்டினால் தொட்டி நாறாது.

ஓடு மென்மையாக இருப்பது வேறு சங்கதி. பிறந்த புதிதில் சற்று வளையும்தான், நாலு மாதத்தில் இறுகியிருக்க வேண்டும். யன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு வெயில் படுகிறதென்று நம்பிவிடாதீர்கள். ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்பு, பாதி நிழலாக, அகன்ற பேசினில் 20 நிமிடம் வெளியே வையுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், காகம் தூக்கிவிடும். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் சின்னப் பாத்திரத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துக் குஞ்சைக் கொன்றுவிடும். கல்சியத்துக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு நல்லது. பல நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கிய பின் தொட்டியில் மிதக்க விடுங்கள்.

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து குஞ்சு ஒரு பக்கம் சரிந்தே மிதக்கிறது. நீந்தப் பழகவில்லையா?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: இல்லை, நுரையீரலில் சளி பிடித்திருக்கலாம். ஆமையின் நுரையீரல் முதுகோட்டுக்கு அடியில் இரு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் நீர் கோத்தால் அந்தப் பக்கம் தாழும். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்செடுத்தல் இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள், இதற்குக் கைவைத்தியம் கிடையாது. அதுவரை தண்ணீரைக் குறைத்து, ஏறி இருக்கக் காய்ந்த கல் ஒன்று வையுங்கள். மாரியில் இரவுத் தண்ணீர் 26 பாகைக்குக் கீழே இறங்காமல் சிறு ஹீட்டர் போடுங்கள். ஆமையைத் தொட்டவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா கிருமி சுகமான ஆமையிலும் இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் ஆமையே வாங்க வேண்டாம்.