மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியில் எட்டு மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறேன். ஆடியில் விதைத்து, பிறகு பைகளுக்கு மாற்றியவை. புரட்டாசி வரை நன்றாக இருந்தன. மழை ஆரம்பித்ததும் நுனி இலைகள் சிறுத்துச் சுருண்டுவிட்டன. காம்பு மட்டும் நீளமாகத் தெரிகிறது. பூக்கள் நிற்காமல் கொட்டுகின்றன. போன வாரம் வரை மூன்று முறை வேப்ப எண்ணெய் தெளித்துவிட்டேன். மீனும் வெல்லமும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலமும் வாரம் தவறாமல் ஊற்றுகிறேன். செடிகளைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம், பொறுங்கள். இலை சுருண்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கமாக என்று சொல்லவில்லை. மிளகாயில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சுருட்டை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டுக்கு மருந்து வேறு வேறு, ஒன்றுக்கு மருந்தே இல்லை.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை தொன்னை மாதிரி ஆகியிருந்தால் அது இலைப்பேன். நுனியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டிப் பாருங்கள். மெல்லிய கீற்றுப் போன்ற சிறு பூச்சிகள் விழுந்து ஓடும், வெறும் கண்ணுக்கே தெரியும். வெயில் காய்கிற நாட்களில்தான் இதன் தொல்லை அதிகம். இதற்கு வேப்ப எண்ணெய் கேட்கும். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். இலைப்பேன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் மண்ணில் இறங்கிக் கிடக்கும் என்பதால், மேல்மண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்து வைத்த தொன்னை மாதிரி இருந்தால் அது முரணைச் சிலந்தி. காம்பு நீள்வது இதன் முக்கியமான அடையாளம். நீங்கள் அதைக் கவனித்து எழுதியிருப்பதாலும், மேகமூட்டமும் ஈரமும் இதற்குப் பிடித்த காலம் என்பதாலும், உங்கள் மாடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பழுப்பேறி, லேசாக மினுமினுக்கும். சிலந்தி கண்ணுக்குத் தெரியாது, நல்ல லென்ஸ் வேண்டும். இது எட்டுக்கால் இனம், பூச்சி அல்ல. அதனால் பூச்சிக்கான மருந்துகள் பலவும் இதனிடம் எடுபடாது. சில மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று நிலைமையை இன்னும் கெடுத்துவிடும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி மாற்றி மாற்றி அடித்துவிட்டு, செடியும் போய் மனமும் விட்டுப்போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முரணைக்குச் சரியானது நனையும் கந்தகத் தூள், அதாவது தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகம். 80 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் போதும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். ஆனால் இன்றைக்கே அடித்துவிடாதீர்கள். எண்ணெய் தெளித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். நீங்கள் போன வாரம்தான் எண்ணெய் தெளித்திருக்கிறீர்கள், ஆகவே இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். அதுவரை சுருண்ட நுனிகளை இரண்டு மூன்று அங்குலம் வெட்டி, கவரில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். மாடியில் ஒரு மூலையில் குவிக்க வேண்டாம். காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகு கந்தகத்தை வெயில் தாழ்ந்ததும் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். சுருண்ட பழைய இலை நிமிராது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்து வரும் தளிர் தட்டையாக விரிந்தால் செடி தேறிவிட்டது.

மூன்றாவது நச்சுயிரி, அதாவது வைரஸ். இலை ஒரு பக்கமாக மடியாமல் கசக்கிப் போட்டதுபோல் ஆகும், நரம்போரம் மஞ்சள் ஏறும், கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றுவிடும். வெள்ளை ஈ கொண்டுவருவது. பிடுங்க வேண்டிய செடி இது மட்டும்தான், அதையும் தாமதிக்காமல் பிடுங்க வேண்டும். முரணைச் சிலந்தியும் வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி போகும். அதனால் மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றிரண்டு தொங்கவிடுவது நல்லது. சுருண்ட செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொடாதீர்கள்.

அப்புறம் பூ உதிர்வது. பாதிக் காரணம் அந்தச் சிலந்தியே. மீதி, வாரா வாரம் ஊற்றும் மீன் அமிலமாக இருக்கலாம். அதிலுள்ள தழைச்சத்து கூடினால் செடி இலையாகவே ஓடும், பூ நிற்காது. சாறு நிறைந்த இளந்தளிர்தான் சிலந்திக்கும் இலைப்பேனுக்கும் பிடித்த இரை. ஒரு மாதம் மீன் அமிலத்தை நிறுத்திவிட்டு, பூக்கும் சமயத்தில் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசலைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து தெளித்துப் பாருங்கள். கந்தகம் தெளித்த நாளில் வேண்டாம், சில நாள் இடைவெளி விடுங்கள். மழை நாட்களில் பைக்கு அடியில் உள்ள ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று விரல் விட்டுப் பாருங்கள். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்.