தீயணைப்பு, காவல் துறைச் சம்பள உயர்வு: நகரமன்றத்தில் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

அமெரிக்க நகரம் ஒன்றின் பட்ஜெட் அலுவலகத்தில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் சம்பள உயர்வு கேட்கும்போது, "இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு ஆகும்" என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நகரமன்றக் கூட்டங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் மன்றம் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 4 சதவீதம் தரப்போகிறதாம். மொத்தம் 12 சதவீதம்தானே?

இல்லை. ஒவ்வோர் உயர்வும் ஏற்கெனவே ஏறிய சம்பளத்தின் மேல் கணக்காகும். 60,000 டாலர் வாங்குபவர் மூன்றாம் உயர்வுக்குப் பிறகு ஏறக்குறைய 67,490 வாங்குவார். அது பன்னிரண்டரை சதவீதம். ஆனால் இது சின்ன வித்தியாசம்தான்.

பெரிய செலவு வேறு இடங்களில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் சர்வீஸ் கூடக்கூடச் சம்பளம் தானாகவே ஒரு ஸ்டெப் ஏறும். அது இந்த 4 சதவீதத்தில் சேராது. அடிப்படைச் சம்பளம் ஏறினால் ஓவர்டைம் மணிக்கூலியும் ஏறும், பென்ஷனுக்கு நகரம் கட்டும் தொகையும் ஏறும். அதனால் மன்றத்தில் வைக்கும் அறிக்கையில் சதவீதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒப்பந்தம் முடியும்வரை ஒவ்வோர் ஆண்டும் மொத்தம் எத்தனை டாலர் என்று எங்காவது எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சம்பளப் பட்டியலில் ஒரு தீயணைப்பு கேப்டன் 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார். நிலையத்தில் பாதி நேரம் தூக்கம். இவர்களுக்கு எதற்கு இன்னும் உயர்வு?

கோபம் புரிகிறது. இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பல ஊர்களில் தீயணைப்பு வீரருக்கு 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு. இதை 28 நாளுக்குக் கணக்குப் போட்டால் சராசரி 224 மணி. நாட்டின் ஊதியச் சட்டப்படி தீயணைப்பு வீரர்களுக்கு 28 நாளில் 212 மணியைத் தாண்டினால் ஓவர்டைம். அதாவது, கூடுதலாக ஒரு நாள்கூட வராதவருக்கே 12 மணி ஓவர்டைம் சேர்ந்துவிடுகிறது. காவலர்களுக்கு அந்த எல்லை 171 மணி. அலுவலக வேலை பார்க்கும் நமக்கு வாரத்துக்கு 40 மணிதான் எல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது நாற்காலிக் கணக்கு. தீயணைப்பு வண்டியில் குறைந்தது நான்கு பேர் போக வேண்டும் என்பது தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் தரவிதி. எரியும் வீட்டுக்குள் இருவர் போனால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்துவர வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும். மூன்று ஷிப்டுக்கு அந்த நான்கு இருக்கைகளை நிரப்ப 12 பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் பயிற்சியில், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றால் அந்த இருக்கையைக் காலியாக விட முடியாது. வீட்டுக்குப் போகவேண்டியவரையே நிறுத்தி, ஒன்றரை மடங்கு கூலி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். போதுமான ஆட்களை எடுக்காத நகரத்தில்தான் 2 லட்சம் டாலர் கேப்டன் உருவாகிறார்.

ஒரு முறை ஓவர்டைம் தாள்களைச் சரிபார்க்கும்போது, ஒரே மாதத்தில் ஒரே பெயர் 19 நாட்களுக்கு வந்திருந்தது. எழுத்துப் பிழையோ என்று நேரில் போய்க் கேட்டேன். பிழை இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் அவருடைய பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. கால்சட்டையை அதன்மேலேயே சுருட்டி இறக்கி வைத்திருந்தார். காலை விட்டு மேலே இழுத்தால் போதும், கிளம்பிவிடலாம். "மகளின் பிறந்தநாளை மூன்று தடவை தள்ளிவைத்துவிட்டோம்" என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

தூக்கம் பற்றி: இன்று தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மருத்துவ அவசரங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கீழே விழுந்த முதியவர். ராத்திரி ஒரு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. இடையில் படுப்பதைத் தூக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உயர்வு கொடுத்தால் என் சொத்து வரி ஏறுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவுப்படி, ஒரே உரிமையாளரிடம் இருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அங்கே மன்றம் நினைத்தாலும் உங்கள் சொத்து வரியை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. பணம் நூலகத்திலிருந்தோ பூங்காவிலிருந்தோ எடுக்கப்படும், இல்லையென்றால் விற்பனை வரியைக் கூட்டலாமா என்று உங்களிடமே வாக்குக் கேட்பார்கள். வேறு பல மாநிலங்களில் மன்றமே வரி விகிதத்தை ஓரளவு ஏற்றலாம்.

போலீஸுக்குக் கொடுத்தால் தீயணைப்புத் துறையும் அதையே கேட்கிறதே, ஏன்?

இரண்டு துறையும் ஒரே அளவு ஆபத்தில் இருக்கின்றன, சம்பளமும் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய வாதம். சில ஒப்பந்தங்களில், "அவர்களுக்கு அதிகம் கொடுத்தால் எங்களுக்கும் தானாகவே அதே" என்ற ஷரத்தே இருக்கும். ஒரு சங்கத்தோடு பேசுகிறோம் என்று நினைத்து மன்றம் இரண்டு சங்கத்துக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டிருக்கும்.

ஹூஸ்டனைப் பாருங்கள். தீயணைப்பு வீரர்களுக்குக் காவலர்களுக்குச் சமமான சம்பளம் என்ற நகரச் சாசனத் திருத்தத்தை 2018 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். நகரம் நீதிமன்றம் போனது. பல ஆண்டுகள் வழக்கு, ஒப்பந்தமே இல்லாமல் வேலை. 2024இல் சமரசம் வந்தபோது பழைய பாக்கியாக மட்டும் ஏறக்குறைய 65 கோடி டாலர். முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தத் தொகை இவ்வளவு ஏறியிருக்காது என்பது என் கருத்து.

எல்லாம் மூடிய கதவுக்குள் பேசுகிறார்கள். இது நியாயமா?

எவ்வளவு வரை போகலாம் என்று தங்கள் பேச்சுவார்த்தையாளருக்குச் சொல்வதை மன்றம் ரகசியமாகச் செய்யலாம். கலிபோர்னியாவில் திறந்த கூட்டச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் முடிவான ஒப்பந்தத்தைத் திறந்த கூட்டத்தில்தான் நிறைவேற்ற வேண்டும். என் வருத்தம் வேறு. பல இடங்களில் அந்த ஒப்பந்தத்தை, விவாதம் இல்லாமல் மொத்தமாக ஒப்புதல் கொடுக்கும் பட்டியலில் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தனியாக எடுத்துப் பேசச் சொல்லி ஒரு உறுப்பினரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்றால் வேலைநிறுத்தம் செய்வார்களா?

பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி முடியாது. 1919 செப்டம்பரில் பாஸ்டனில் சுமார் 1,100 காவலர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஊர் முழுக்கச் சூறை, கலவரம். ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் படையை இறக்கினார். வேலைநிறுத்தம் செய்தவர்களை மறுபடி சேர்க்கவே இல்லை. அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு நகரம் அதிகச் சம்பளம் கொடுத்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கசக்கிறது.

வேலைநிறுத்த உரிமை இல்லாததற்கு ஈடாகச் சில மாநிலங்களில் நடுவர் தீர்ப்பு உண்டு. மிச்சிகனில் 1969லிருந்து இருக்கிறது. பேச்சு முறிந்தால் நடுவர் சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். வட கரோலினாவில் நிலைமை தலைகீழ். அங்கே நகரம் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போடுவதற்கே தடை.

வசதியில்லாத நகரம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கலிபோர்னியாவில் வயேஹோ நகரம் 2008 மே மாதம் திவால் மனு போட்டது. நகரத்தின் அன்றாடச் செலவுக்கான பொது நிதியில் முக்கால்வாசி காவலும் தீயணைப்பும்தான். வீட்டு விலை சரிந்ததும் வருமானம் விழுந்தது, ஒப்பந்தத் தொகையோ ஏறிக்கொண்டே இருந்தது. 2011இல்தான் வெளியே வந்தது. அதற்குள் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன, காவலர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

பென்ஷனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு அந்த மாநிலத்தில் பல நகரங்கள், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதிச் சம்பளத்தில் 3 சதவீதம் என்று பென்ஷன் கொடுத்தன. 30 ஆண்டு வேலைக்கு 90 சதவீதம், அதுவும் 50 வயதிலேயே வாங்கலாம். 2013லிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைக் குறைத்துவிட்டார்கள். அப்படியானால் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருவருக்கு இரண்டு விதமான முதுமை. இளையவர்கள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கணவர் காவலர், எட்டு ஆண்டு சர்வீஸ். பக்கத்து நகரம் கூடுதலாகக் கொடுக்கிறது. மாறிவிடலாமா என்று யோசிக்கிறார். குற்ற உணர்வாகவும் இருக்கிறது, அக்கா.

குற்ற உணர்வு வேண்டாம், தங்கச்சி. அவரைப் போன்ற ஒருவர் போனால் நகரத்துக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். புதியவருக்குப் பயிற்சிப் பள்ளியில் சுமார் ஆறு மாதம், பிறகு மூத்தவரோடு ரோந்தில் சில மாதம். அத்தனை நாளும் சம்பளம் போகும், ஆனால் தனியாக ஓர் அழைப்புக்குப் போக முடியாது. பக்கத்து நகரம் அந்தச் செலவு இல்லாமல் அவரை எடுத்துக்கொள்கிறது. மாறுவதற்கு முன் பென்ஷன் சர்வீஸ் தொடருமா, சீனியாரிட்டி போய்விடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீனியாரிட்டி போனால் ராத்திரி ஷிப்டும் தீபாவளி நாள் டியூட்டியும் மறுபடி அவர் தலையில்தான் விழும்.

கூட்டத்தில் பேச மூன்று நிமிஷம் தருகிறார்கள். என்ன கேட்கலாம்?

உயர்வு கொடு, கொடுக்காதே என்று ஆரம்பித்தால் மூன்று நிமிஷமும் அதிலேயே போய்விடும். இப்போது எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன, போன ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள், ஓவர்டைமுக்குப் பட்ஜெட்டில் போட்டது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம், இந்த ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் வருமானம் எவ்வளவு என்று கணித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் அங்கேயே வரவில்லை என்றால் வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளி ஆசிரியை இப்படிக் கேட்டு, மன்றம் இரண்டு வாரம் தள்ளிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரமும் கணக்கை மறுபடி போட்டது நான்தான். உயர்வும் குறையவில்லை, கூடவே ஆறு புதிய ஆட்களை எடுக்கவும் பணம் ஒதுக்கினார்கள்.