படிக்காமலே ‘ஆம்’ அழுத்துகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு விண்டோஸ் பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன் (சி ஷார்ப் மொழி, திரைகள் அமைக்க வின்ஃபார்ம்ஸ்). பில்லை நீக்கும் முன் “நிச்சயமாகத் தொடர வேண்டுமா?” என்று ஆம்/இல்லை கேட்கிறேன். கவுண்டரில் இருப்பவர்கள் படிக்காமல் ஆம் கொடுத்துவிட்டு, பில்லைக் காணோம் என்று போன் செய்கிறார்கள். இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு தடவை கேட்டால் இரண்டு தடவை என்டர் தட்டுவார்கள், அவ்வளவுதான். எதிரே வரிசை நிற்கும்போது வாக்கியத்தைப் படிக்க யாருக்கும் நேரமில்லை, கண் நேராகப் பட்டனுக்குத்தான் போகும். அதனால் சொல்ல வேண்டியதைப் பட்டனிலேயே சொல்லிவிடுங்கள்.

மேலே “பில் 1042-ஐ நீக்கவா?”, அதற்குக் கீழே தொகையும் நேரமும். பட்டன்கள் “பில்லை நீக்கு”, “நீக்க வேண்டாம்”. “ஆர்டரை ரத்து செய்யவா?” என்று கேட்டுவிட்டுக் கீழே “சரி”, “ரத்து” என்று வைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அங்கே எதை அழுத்தினால் ஆர்டர் ரத்தாகும் என்று நிதானமாகப் படிப்பவருக்கே குழப்பம் வரும்.

மெசேஜ்பாக்ஸில் (நீங்கள் இப்போது ஆம்/இல்லை கேட்கும் விண்டோஸின் ஆயத்தப் பெட்டி) பட்டன் பெயரை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டாட்நெட் 5 முதல் வின்ஃபார்ம்ஸிலேயே டாஸ்க்டயலாக் என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது, அதில் முடியும். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்றால் பெட்டிக்குப் பதில் சின்னதாக ஒரு ஃபார்ம் (சொந்தத் திரை) போட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மெசேஜ்பாக்ஸில் முதல் பட்டன்தான் என்டருக்குப் பதில் சொல்லும், அதாவது உங்கள் ‘ஆம்’. அதை இரண்டாவது பட்டனுக்கு மாற்றுங்கள். ஆம்/இல்லை மட்டும் உள்ள பெட்டியில் எஸ்கேப் வேலை செய்யாது, மேலே உள்ள பெருக்கல் குறியும் செத்துக் கிடக்கும். தெரியாமல் வந்தவர் திரும்பிப் போக வழியே இல்லை. புதிய பெட்டியில் எஸ்கேப் கட்டாயம் “நீக்க வேண்டாம்” என்று பொருள்படட்டும்.

ஆனால் பில்லை ஏன் நீக்க விடுகிறீர்கள்? ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் எண் வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் எத்தனை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று கணக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸில் அழிக்காமல் ‘ரத்தானது’ என்று குறித்து வையுங்கள். அப்புறம் எதுவும் கேட்கவே தேவையில்லை: திரையின் அடியில் “பில் 1042 ரத்தானது” என்ற வரியும் பக்கத்தில் “மீட்டெடு” பட்டனும் போதும். குறுக்கே வந்து நிற்கும் பெட்டியை, பழைய பேக்கப்பை இன்றைய கணக்கின் மேல் ஏற்றுவது போன்ற திருப்ப முடியாத காரியங்களுக்கு மட்டும் வையுங்கள். அடிக்கடி வராத பெட்டியைத்தான் மக்கள் நின்று படிக்கிறார்கள்.

பிழைச் செய்திகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். “பிழை ஏற்பட்டது” என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? “பிரிண்டரில் பேப்பர் இல்லை. பில் சேமிக்கப்பட்டுவிட்டது. பேப்பர் வைத்துவிட்டு மறுபடி அச்சிடுங்கள்” என்று எழுதுங்கள். நடுவில் உள்ள வாக்கியம்தான் அவருக்கு முக்கியம், அது இல்லாவிட்டால் அதே பில்லை மறுபடி போடுவார். விண்டோஸ் மெசேஜ்பாக்ஸில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் முழுச் செய்தியும் காப்பி ஆகும். போன் செய்பவர்களிடம் அதை வாட்ஸப்பில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். சொந்த ஃபார்ம் போட்டால் இந்த வசதியை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.