தம்பியின் கார் கடனும் மனைவியின் கழுத்து அறுவை சிகிச்சையும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த தீ விபத்தில் என் மனைவியின் கழுத்துத் தோல் சுருங்கி, தலையை நிமிர்த்த முடியாமல் போய்விட்டது. தோல் ஒட்டு அறுவைக்கு 1.5 லட்சமும், கொழுப்பு, ரத்தக்குழாயோடு சேர்த்துத் தோலை எடுத்து வைக்கும் ஃபிளாப் முறைக்கு 4 லட்சமும் ஆகும் என்கிறார்கள். என் சம்பளம் 38,000 ரூபாய், சேமிப்பு 1.8 லட்சம். தம்பியின் காருக்காக என் பெயரில் வாங்கிய கடனுக்கு மாதம் 7,300 ரூபாயை நானே கட்டுகிறேன். இன்னும் 2 லட்சம் பாக்கி. 16% வட்டியில் 6 லட்சத்துக்கு, இந்தப் பாக்கியையும் அதிலேயே அடைத்துக்கொள்ளும் டாப்-அப் கடன் தருவதாக வங்கி சொல்கிறது. அதில் 1.5 லட்சத்தைத் தம்பி கேட்கிறான். எந்த சிகிச்சை எங்களுக்குக் கட்டுப்படியாகும்?

பதில்: இரண்டு எஸ்டிமேட்டுகளையும் நேராக ஒப்பிடாதீர்கள். மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவது எளிய அறுவைதான் என்றாலும், ஒட்டிய தோல் மறுபடி சுருங்கும் இயல்புடையது என்பதால், அதன்பின் பல மாதங்கள் கழுத்துப்பட்டை, அழுத்த ஆடை, பிசியோதெரபி ஆகியவற்றை விடாமல் தொடர வேண்டும். அதற்கு மாதம் 4,000 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 48,000 ஆகும். மீண்டும் இறுகினால் இன்னொரு அறுவைக்கும் செலவழிக்க நேரும். கொழுப்போடும் ரத்தக்குழாயோடும் கூடிய ஃபிளாப் அந்த அளவுக்குச் சுருங்காது. ஆனால் அறுவை நீண்டது, பிறகு தடிப்பைக் குறைக்க இன்னொரு சிறு அறுவையும் தேவைப்படலாம். அந்தச் சிறு அறுவையும், நிமிராத கழுத்தில் மூச்சுக்குழாய் பொருத்தத் தேவைப்படும் சிறப்பு மயக்க மருந்து ஏற்பாடும் 4 லட்சத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எது பொருந்தும் என்பதைத் தழும்பின் பரப்பைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களைக் கவிழ்ப்பது சிகிச்சைச் செலவு அன்று, தம்பிக்காக உங்கள் பெயரைக் கடனுக்குக் கொடுக்கும் வழக்கம்தான். 6 லட்சத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 14,600, அதாவது சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதில் தம்பியின் பங்கு, பழைய பாக்கியும் புதுக் கேட்பும் சேர்த்து 3.5 லட்சம், உங்கள் மனைவிக்கு மிஞ்சுவது 2.5 லட்சமே. காரை விற்றாவது பழைய கடனை அடைக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். தயக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் நிமிர முடியாமல் இருப்பவர் உங்கள் மனைவி. அது நடந்தால், ஃபிளாப் முறையே தேவைப்பட்டாலும், சேமிப்பு போக 2.2 லட்சம்தான் பற்றாக்குறை; அதற்குத் தவணை சுமார் 5,350. நகை இருந்தால் வங்கி நகைக் கடனின் வட்டி இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போகாதீர்கள்.

இப்போது புது மருத்துவக் காப்பீடு எடுத்தால் இந்தச் செலவு கிடைக்கும் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே உள்ள பாதிப்புக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கலாம். ‘வட்டியில்லாத் தவணை’ மருத்துவ அட்டையிலும் முதலில் செயலாக்கக் கட்டணத்தைப் பாருங்கள்.

எங்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் மனைவியைக் காட்டி, எந்த முறை, எத்தனை அறுவை என்று கேட்டு வாருங்கள்.