கட்டிட வரி எவ்வளவு வரும்? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கம் வீடுகளை அளந்து பிளான் போடுவது என் வேலை. 'கெட்டிட நிகுதி' (கட்டிட வரி) நோட்டீஸ் மலையாளத்தில் வந்ததும் நம் ஆட்கள் பயந்துபோய் அப்படியே கட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கு முன் ஒரு தடவை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, 1,200 சதுர அடி தார்சு (கான்கிரீட்) வீடு. பஞ்சாயத்து, பெரிய ரோட்டு ஓரம். வருடத்துக்கு எவ்வளவு வரும்?

தம்பி, முதலில் சதுர அடியை மறந்துவிடுங்கள். கேரளாவில் சதுர மீட்டர் கணக்கு. 10.76-ஆல் வகுத்தால் உங்கள் வீடு 111.5 சதுர மீட்டர். 2023 ஏப்ரலில் இருந்து, 300 சதுர மீட்டர் வரையான வீட்டுக்கு, ஒரு சதுர மீட்டருக்குப் பஞ்சாயத்தில் 6 முதல் 10 ரூபாய், நகராட்சியில் 8 முதல் 17, மாநகராட்சியில் 10 முதல் 22. இந்த வரம்புக்குள் உங்கள் பஞ்சாயத்து என்ன முடிவு செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 8 ரூபாய் என்று வைத்தால் 892. இடத்தின் முக்கியத்துவத்தை வைத்துப் பஞ்சாயத்து பிரித்த மண்டலங்களில் உங்களுடையது இரண்டாம் மண்டலம் என்றால் 10 சதவீதம் கழியும், 5 மீட்டருக்கு மேல் அகலமான ரோடு என்றால் 20 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் 981 ரூபாய் பக்கம். மேலே நூலக வரி 5 சதவீதம், அப்புறம் தெருவிளக்கு, குப்பை மாதிரி விஷயங்களுக்கு சேவை வரி போட்டிருந்தால் அதுவும் சேரும். இது 2023 கணக்கு, அதற்குப் பிறகு வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரோட்டையும் மண்டலத்தையும் தவறாகப் பதிந்தால் தொகை நிறைய மாறும், அந்த இரண்டு கட்டத்தையும் நோட்டீசில் கண்டிப்பாகப் படியுங்கள்.

எங்கள் வீடு சின்னது, 600 சதுர அடி. வரி உண்டா?

அக்கா, 60 சதுர மீட்டர், அதாவது 645 சதுர அடி வரை இருக்கிற, நீங்களே குடியிருக்கும் ஒரே சொந்த வீட்டுக்கு விலக்கு இருக்கிறது, ஃபிளாட்டுக்குக் கிடையாது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும், எழுதிக் கொடுங்கள். பின்னால் சுவர் எழுப்பி ஷீட் போட்ட அடுப்பங்கரையையும் சேர்த்து அளந்துவிட்டுப் போங்கள், அதனால்தான் நிறைய பேர் 60-ஐத் தாண்டிவிடுகிறார்கள்.

நாங்களே எப்படி அளப்பது?

வெளிச் சுவரில் இருந்து வெளிச் சுவர் வரை, டேப்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு மாடியும் தனியாக. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மூலையில் டேப் முனையை அழுத்திப் பிடிக்க. சுவர் கனமும் கணக்கில் வரும். எங்கள் வீட்டுக்கே ஒரு தடவை 96 சதுர மீட்டர் இருக்க 119 என்று பதிந்துவிட்டார்கள். அப்பா ஐந்து வருடம் அதையே கட்டியிருக்கிறார், எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பிளானின் நகலை வைத்து எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது.

மேலே ஒரு ரூம் கட்டியதை நான் பஞ்சாயத்தில் சொல்லவில்லை. என்ன ஆகும்?

2023-இல் தானாக வந்து சொன்னவர்களுக்கு அபராதம் இல்லாமல் விட்டார்கள், அந்த அவகாசம் போய்விட்டது. இப்போதாவது சொல்லிவிடுங்கள். விற்கிற நேரத்தில் பத்திரத்தில் ஒரு அளவும் ரசீதில் ஒரு அளவும் இருந்தால் அட்வான்ஸ் வாங்கின பிறகு நாம்தான் அலைவோம்.

பஞ்சாயத்தில் கட்டிய பிறகு வில்லேஜ் ஆபீசிலும் கேட்கிறார்களே?

அது வேறு. நிலத்துக்கு வருடா வருடம் கட்டுவது நில வரி. வீடு கட்டி முடிந்ததும் ஒரே ஒரு தடவை வருவாய்த் துறை வாங்குவது, 1975-ஆம் வருடத்துச் சட்டப்படி வருகிற ஒருமுறை கட்டிட வரி. 100 சதுர மீட்டர் வரை வீட்டுக்கு அது இல்லை. 278.7 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 3,000 சதுர அடி, வருடா வருடம் ஆடம்பர வரி தனி. பிளான் போடும்போதே 3,000-க்கு உள்ளே நிறுத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பொள்ளாச்சியில் இன்னொரு வீடு இருக்கிறது, 1,000 சதுர அடி. அங்கேயும் இதே கணக்கா?

இல்லை. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒரு தடவை. 2022-இல் உயர்த்தியபோது 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்களுக்குப் பழைய தொகை 1,000 என்றால் 1,500 ஆகியிருக்கும். கடை என்றால் இரண்டு மடங்கு. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் அந்தந்த அரையாண்டுத் தொகையைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நம் பக்கமும் வருடம் முழுவதற்கும் சேர்த்து ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் குறைகிறது, தாமதமானால் மாதம் 2 சதவீதம் ஏறுகிறது.

முன்பக்கத்து ரூமை மளிகைக் கடையாக்கினேன். அது வீட்டுக் கணக்கிலேயே போகுமா?

போகாது. அந்த ரூமை மட்டும் தனியாக அளந்து கடை விகிதத்தில் போடுவார்கள், வீட்டு விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகம். முழு வீட்டையும் கடையாகப் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: எது கடை, எது வீடு என்று கோடு போட்டுக் காட்டிய ஒரு படத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள்.